சோவில்லாவுக்கு எதுவும் வேண்டாம்

ஹோம்ஸ் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் சிக்கனத்துக்கு ஒரு பரிசு வைத்தால் அதை சோவில்லா கெய்முக்குத்தான் கொடுக்க வேண்டும். அவள் வந்து வாங்கிக்கொள்வாளா என்பது வேறு விஷயம். பரிசு என்ன பெறும், வந்து போக வண்டிக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பாள். விசாரித்துவிட்டு, தனக்கு எதுவும் வேண்டாம், தேவைப்பட்டவர்களுக்குக் கொடுங்கள் என்பாள்.

இந்த "எனக்கு எதுவும் வேண்டாம்" என்பதை அவள் ஐம்பத்தேழு வயது வரை சொல்லிச் சொல்லி, அண்ணன் பிள்ளைகள் அவளுக்கு வேண்டாம் அத்தை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

கல்யாணம் ஆகவில்லை. ஆறு பிள்ளைகளில் கடைசி. பெரிய வீட்டில் அண்ணன் மகன் குடும்பம். அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன வீட்டில் அவளும் அவள் அம்மாவும். பிழைப்பு, பழுது பார்ப்பது. கிழிந்த கோட்டு, காது உடைந்த கெட்டில், எரியாத விளக்கு, கைப்பிடி போன வாளி எல்லாம் சுற்றுவட்டாரத்திலிருந்து அவள் வீட்டுக்கு வந்து சேரும். வாங்குகிற கூலி அவளுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்குக் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தில் கறார். உடைந்த பொருள் எதுவும் அவள் வீட்டில் உடைந்தபடி ஒரு ராத்திரி தங்கியதில்லை. சாயங்காலம் கொடுத்தால் காலையில் தயார். அப்படி விட்டுவைப்பது அவளுக்கு அழுக்குப் பாத்திரத்தோடு தூங்கப் போகிற மாதிரி.

சோவில்லா ஆமிஷ்காரி; மின்சாரம், மோட்டார் எதுவும் வேண்டாமென்று பழைய முறையில் வாழ்கிற கிறிஸ்தவர்கள். ஆமிஷ்காரர்கள் கார் ஓட்டக்கூடாது; அடுத்தவர் ஓட்டுகிற காரில் ஏறலாம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில்தான் என் வேன் இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சோவில்லா என் வேனில் ஏறுவது அபூர்வம். ஏறினால் மைலுக்கு இவ்வளவு என்று சொன்ன காசைக் கையில் எண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மீட்டரைவிட அவள் உள்ளங்கை சரியாக இருக்கும்.

அவளைத் தேடிக்கொண்டு கொலம்பஸ் நகரத்திலிருந்து ஒரு பெண் வர ஆரம்பித்ததுதான் இந்தக் கதையில் கலகலப்பான பகுதி. பேர் ஜோலீன். ஆமிஷ் மக்களைப் போல் சிக்கனமாக வாழ்வது எப்படி என்று நகரத்தில் வகுப்பு நடத்துகிறவள். ஆளுக்கு இருநூறு டாலர். பாடத்துக்குச் சரக்கு தீர்ந்துபோனதால் மூலத்தையே பிடித்துவிடலாம் என்று வியாழக்கிழமை தோறும் வந்தாள். நான்தான் வீடு காட்டினேன்.

கட்டணத்தைக் கேட்டதும் சோவில்லா தைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"செலவு பண்ணாம இருக்கக் கத்துக்கறதுக்கு இருநூறு டாலரா?"

"ஆமா. எல்லாரும் சந்தோஷமாத்தான் குடுக்கறாங்க."

"வராம வீட்டுலயே இருந்தாங்கன்னா முதல் பாடம் முடிஞ்சிருக்குமே."

ஜோலீன் அதை மிகப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு தொலைபேசியில் பதிவு செய்யப் பார்த்தாள். சோவில்லா அந்தத் தொலைபேசியை வாசல்படியில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். அதன் பிறகு ஜோலீன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு காருக்கு ஓடிப் போய்ப் பேசிப் பதிவு செய்துவிட்டு வருவாள். சிக்கனம் கற்பதில் கால் வலி கண்டவள் அவள் ஒருத்திதான்.

அவள் எதிர்பார்த்தது திட்டங்கள், விகிதங்கள், வருமானத்தில் இத்தனை பங்கு என்பது போன்ற சமாச்சாரங்கள். கிடைத்ததோ வேறு. வளைந்த ஆணியைச் சுத்தியலால் நிமிர்த்தும்போது அதைக் கல்லில் வைக்கக்கூடாது, மரக்கட்டையில் வைக்க வேண்டும். நசுங்கின டின் விற்கிற கடையில் பக்கவாட்டில் நசுங்கினதை வாங்கலாம், மேல்மூடி உப்பினதைத் தொடக்கூடாது. நீல உடையைக் கறுப்பாகச் சாயம் போடலாம், கறுப்பை நீலமாக்க முடியாது. ஆகவே இழவு வரும்வரை நீலத்தைப் பத்திரமாக உடுத்து. ஜோலீன் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போகிற வழியில் சுற்றுலாக் கடையில் நிறுத்தி, ஆமிஷ் ஏப்ரன் என்று எழுதியிருந்ததை இருபத்தெட்டு டாலருக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பாடம் ஒன்று உண்டு. வசந்த காலத்தில் தீயணைப்புப் படைக்கு நிதி சேர்க்க நடக்கும் ஏலத்துக்கு இரண்டு பேரையும் நான் ஏற்றிக்கொண்டு போனேன். சோவில்லாவுக்கு வேண்டியது ஊறுகாய், பழம் எல்லாம் போட்டு மூடி வைக்கிற கண்ணாடி ஜாடி ஒரு பெட்டி. ஆனால் ஜாடி இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை. ஒரு பழைய வெண்ணெய் கடையும் பீப்பாய் முன்னால் போய் நின்று, கண் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பானெட் தொப்பி போட்ட பெண் ஒருத்தி அப்படிப் பார்த்தால் அது அசல் சரக்காகத்தான் இருக்கும் என்று நகரத்து ஜோடிகள் இரண்டு முட்டிக்கொண்டு அந்தப் பீப்பாயை முந்நூறு டாலருக்கு ஏற்றின. கூட்டமெல்லாம் அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜாடிப் பெட்டி இரண்டு டாலருக்கு சோவில்லா மடிக்கு வந்துவிட்டது.

"எது வேணுமோ அதைப் பாக்கக்கூடாது, ஜோலீன்," என்றாள் திரும்பி வருகையில். "நமக்கு வேணும்னு அடுத்தவங்களுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே விலை ஏறிடும்."

ஜோலீன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருநூறு டாலர் வகுப்பில் அதற்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்கினாள் என்று கேள்வி.

அந்த வருஷம் முழுக்க, ஏன் அதற்கு முந்தைய ஆறு வருஷமும், சோவில்லாவின் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில்தான் இருந்தாள். பேச்சு இல்லை. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். சனிக்கிழமை மத்தியானம் சோவில்லா அம்மாவுக்குத் தலை குளிப்பாட்டுவாள். பிறந்ததிலிருந்து கத்தரிக்கோல் படாத முடி. எண்பது வயதுக்கு மேல் நூல் மாதிரி மெலிந்து இடுப்பு வரை கிடந்தது. கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, அதன் மேல் ஒரு எனாமல் பேசினை வைத்து, அடுப்பில் சுட வைத்த மழைத்தண்ணீரை ஊற்றி, தலையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் அலசுவாள். தண்ணீர் வீணாகாது. முடி அலசின தண்ணீரில் தரை துடைப்பாள். தரை துடைத்தது வாசல் பூச்செடிக்குப் போகும்.

பேசின் வெள்ளை, ஓரத்தில் நீலக்கோடு. அடியில் மூன்று இடத்தில் ஓட்டை விழுந்து மூன்றையும் அவள் அடைத்திருந்தாள். மேலே ஒரு தகர வில்லை, கீழே ஒரு தகர வில்லை, நடுவில் தக்கை, இறுக்க ஒரு திருகாணி. இரும்புக் கடையில் பொட்டலமாக விற்பார்கள். புது பேசின் வாங்கலாமே என்று நான் ஒரு தடவை சொன்னபோது, அம்மா கழுத்துக்கு இதன் விளிம்புதான் பழகியிருக்கிறது என்றாள். அவள் ஒரு பொருளைப் பற்றி விலை சொல்லாமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அக்டோபரில் அம்மா போய்விட்டாள். சோவில்லா அழுததை யாரும் பார்க்கவில்லை. வீட்டை ஒழுங்கு செய்தாள், நீல உடை இரண்டையும் கறுப்புச் சாயத்தில் முக்கிக் கொடியில் போட்டாள், வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினாள், அடக்கம் முடிந்து வந்து யாரோ விட்டுவிட்டுப் போன குடையின் ஒடிந்த கம்பியைச் சரி செய்தாள். அடுத்த சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது அடுப்பில் பெரிய கெட்டில் நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். கெட்டிலைப் பார்த்தாள். பிறகு இறக்கி வைத்தாள்.

இங்கே பெரியவர்கள் போனபின் வீட்டுச் சாமானைப் பிள்ளைகள் சும்மா எடுத்துக்கொள்வதில்லை. குடும்பத்துக்குள்ளேயே ஏலம் போடுவார்கள். பெற்ற பிள்ளைகள் மட்டும்தான் கேட்கலாம். மருமகள், மருமகன் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். வந்த பணத்தை ஒரே பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். ஏலம் நடக்கிறவரை ஒரு கரண்டியைக்கூட யாரும் நகர்த்தக்கூடாது. அந்த வீட்டிலேயே குடியிருந்த சோவில்லா இதில் எவ்வளவு ஜாக்கிரதை என்றால், இடையில் இருந்த ஏழு வாரமும் அம்மாவின் தட்டில் சாப்பிடாமல் தன்னுடைய ஒற்றைத் தட்டைக் கழுவிக் கழுவிச் சாப்பிட்டாள்.

அவளுக்கு அந்த வீட்டில் வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த பேசின்.

வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். அவளுக்குப் பழகின காரியத்தைச் செய்தாள். ஏலத்துக்குச் சாமான்களை அடுக்கி வைக்கும் வேலை அவளிடம்தான் இருந்தது. ஏலத்தில் கடைசியாக, யாருக்கும் வேண்டாத சில்லறைச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். ஒரு டாலருக்கு மேல் போகாது. அப்படி ஒரு அட்டைப்பெட்டியில் பேசினை அடியில் வைத்து, மேலே துருப்பிடித்த ஜாடி மூடிகளைக் கொட்டி, பிடி போன தோசைத்திருப்பி, பழைய மாவுச் சல்லடை, சமையலறை மேசை இழுப்பறையின் மூலையில் கிடந்த தகரச் சாமான்கள் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் போட்டு மூடினாள். பெட்டியை வரிசையின் கடைசியில் வைத்தாள். இதையெல்லாம் பிற்பாடு வேனில் அவளே சொன்னாள். எங்கே தவறு நடந்தது என்று ஒரு சாமானைப் பிரித்துப் பார்ப்பவள் போலச் சொன்னாள்.

ஏலத்தன்று அக்கா டிருசில்லாவை இந்தியானாவிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தவன் என்கிற முறையில் எனக்குச் சமையலறை வாசலில் ஒரு நாற்காலியும் ஒரு துண்டு பேரீச்சம்பழப் புட்டிங்கும் கிடைத்தன. ஞாயிறு ஆராதனைக்கு வீட்டுக்கு வீடு மாறிக் கூடுகிற சபைக்குப் போடும் நீளப் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மூத்த அண்ணன் மாலன்தான் ஏலம் கூவுகிறவர். எழுபது வயது. கூவுவது என்பது மரியாதைக்குச் சொன்னது. பிரார்த்தனை வாசிக்கிற மாதிரி மெதுவாக, பொருளை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுவார்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் தங்கையைப் பார்த்தார்.

"சோவில்லா, ஏழு வருஷம் அம்மாவைப் பாத்தவ நீ. உனக்கு ஏதாவது வேணும்னா இப்பவே சொல்லிடு. தனியா எடுத்து வச்சிடறேன். ஏலத்துல வராது."

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். மனசார ஆட்டினார்கள். அந்த அறையில் அப்போது அவள் கேட்டிருந்தால் கடிகாரத்தையும் கொடுத்திருப்பார்கள், கட்டிலையும் கொடுத்திருப்பார்கள்.

"எனக்கு எதுவும் வேண்டாம் அண்ணா," என்றாள். "எல்லாம் இருக்கு."

பின்வரிசையில் அண்ணன் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

கடிகாரம் போயிற்று. அலமாரி போயிற்று. போர்வைகள் நல்ல விலைக்குப் போயின. சோவில்லா காப்பி ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசிப் பெட்டி வந்ததும் கெட்டிலை வைத்துவிட்டு வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை.

மாலன் பெட்டிக்குள் கைவிட்டார். ஏலம் கூவுகிறவர் பெட்டியில் இருப்பதில் ஏதாவது ஒன்றைத் தூக்கிக் காட்ட வேண்டும். கையில் வந்தது ஒரு தகர வளையம்.

"இதைப் பாருங்கடா," என்றார்.

அது டோனட் வெட்டுகிற அச்சு. அப்பா ஒரு புகையிலை டப்பாவை வெட்டிப் பண்ணினது. நடுவில் வர வேண்டிய ஓட்டை ஓரமாக வந்துவிட்டது. அதனால் அந்த வீட்டு டோனட் எல்லாம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும். தடித்த பக்கத்துக்காக ஆறு பிள்ளைகளும் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அந்த அச்சு எங்கே போனதென்று முப்பது வருஷமாக யாருக்கும் தெரியாது. மேசை இழுப்பறையின் மூலையிலிருந்து சோவில்லா பார்க்காமல் அள்ளிப் போட்டதில் அது வந்திருந்தது.

அவள் ஒரு டாலர் என்று சொல்லி முடிப்பதற்குள் டிருசில்லா ஐந்து என்றாள். சோவில்லா ஆறு என்றாள். டிருசில்லா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வேண்டாம் அத்தைக்கே அச்சு மேல் ஆசை வந்துவிட்டதே என்று யாரோ சொல்ல அறை முழுக்கச் சிரித்தது. அப்போது அட்லீயின் விலாவில் பின்னாலிருந்து ஒரு இடி விழுந்தது. அட்லீ இரண்டாவது அண்ணன். இடித்தது அவர் மனைவி வெர்னா.

"இருபது," என்றார் அட்லீ, விலாவைத் தடவிக்கொண்டே.

"உன் பொண்டாட்டி முழங்கை ஏலம் கேக்குதே அட்லீ," என்றாள் டிருசில்லா. "அது எப்போ நம்ம அம்மா வயித்துல பொறந்துச்சு?"

"முழங்கை கேட்டா என்ன, காசு என் பையிலேர்ந்துதான் போகுது."

இருபத்தைந்து, முப்பது, நாற்பது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அடக்கத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். நான் சோவில்லாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு சொல்லி மடியில் வைத்த கை அங்கேயே இருந்தது. ஒரு பெட்டிக்கு நாலு டாலருக்கு மேல் கொடுத்திராத கை. அவள் சேமிப்பில் பணம் இல்லாமல் இல்லை. அந்த அறையில் இருந்த யாரைவிடவும் அதிகமாகவே இருந்திருக்கும். பத்து டாலர் வரை எண்கள் தனக்குப் புரிந்தன என்றும், அதற்கு மேல் சொன்னது வேறு யாருக்கோ என்பது போல் இருந்தது என்றும் பிறகு சொன்னாள்.

எண்பத்தைந்து டாலருக்குப் பெட்டி அட்லீக்குப் போயிற்று.

வெர்னாவின் குதிரை வண்டி வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது சோவில்லாதான். வெர்னா கனமாக இருக்கிறதே என்றாள். ஜாடி மூடிகள் என்று சோவில்லா சொன்னாள். வண்டி போனதும் உள்ளே வந்து புட்டிங் தட்டுகளைக் கழுவினாள். இரண்டு வாரம் கழித்து ஏலப் பணம் ஆறு பங்காகப் பிரிந்து காசோலையாக வந்தது. கணக்குப்படி அந்த பேசினை விற்றதில் அவளுக்குப் பதினாலு டாலர் சொச்சம் லாபம்.

ஜோலீன் அடுத்த வியாழக்கிழமை வந்து ஏலம் எப்படி நடந்தது என்று கேட்டாள். சோவில்லா நல்லபடி நடந்தது, எண்பத்தைந்து டாலர் மிச்சம் என்றாள். ஜோலீனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

குளிர் தொடங்கும்போது அட்லீ வீட்டில் நூடுல்ஸ் பண்ண உதவிக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மைல். என் வேனில்தான் போனாள். சாயங்காலம் கூட்டிவரப் போனபோது கோழிக்கூண்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பேசின் அங்கே தரையில் இருந்தது. நீலக்கோட்டின் மேல் ஒரு கோழி ஏறி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து வெர்னா சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள்:

"பாத்தியா சோவில்லா? ஒரு சொட்டு ஒழுகல. உன் கைவேலைன்னா கைவேலைதான்."

சோவில்லா ஆமாம் என்றாள். வேனில் நாலு மைல் வந்தோம். பிறகு பெட்டி விஷயத்தை முழுவதும் சொன்னாள். சொல்லி முடித்ததும் நான் கேட்டேன்.

"அண்ணிகிட்டக் கேட்டிருக்கலாமே? குடுத்திருப்பாங்களே."

"குடுத்துடுவாங்க."

"அப்புறம் என்ன?"

"ஏன்னு கேப்பாங்க டிரைவரே."

வீடு வந்ததும் உள்ளங்கையில் இருந்த காசைக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

அடுத்து அவள் செய்த காரியம் எங்கள் பகுதியில் இரண்டு வாரம் பேச்சாக இருந்தது. இரும்புக் கடைக்குப் போய் ஒரு புது எனாமல் பேசினை, ஒட்டியிருந்த விலைச்சீட்டில் போட்டிருந்த விலைக்கு, இருபத்திரண்டு டாலருக்கு, பேரம் பேசாமல் வாங்கினாள். கடைக்காரன் பழக்கதோஷத்தில் தானாகவே ஒரு டாலர் குறைக்கப் பார்த்தானாம். வேண்டாம் என்றாளாம். அதை எடுத்துக்கொண்டு மறுபடி பன்னிரண்டு மைல் போய் வெர்னாவிடம் நீட்டினாள். ஏலப் பணத்தில் வாங்கியது, அண்ணிக்கு என்று மட்டும் சொன்னாள். மீதியை வெர்னாவே புரிந்துகொள்வாள், புதுசு வந்ததும் பழசு வெளியே வரும் என்பது அவள் போட்ட கணக்கு. நகரத்தில் அது பலித்திருக்கும்.

வெர்னா பேசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று துணியில் சுற்றி மாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கோழிகளுக்குப் பழசே போதும், அதுதான் ஒழுகவில்லையே என்றாள். சோவில்லா தலையாட்டினாள். அவளாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் கையில் காசை வைத்திருந்தாள். ஒரு தடவை மட்டும், நல்ல பேசின்தான், கனம் சரியாக இருந்தது என்றாள். எந்த பேசின் என்று சொல்லவில்லை.

ஜனவரியில் தண்ணீர் கல்லாக உறைந்தது. கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க வெர்னா காலையில் விறகுக்கட்டையால் பேசினில் இருந்த ஐஸைத் தட்டியிருக்கிறாள். மூன்று வில்லைகளில் இரண்டு தெறித்துப் போயின. ஓட்டையும் பெரிசாகிவிட்டது. வேறு வீட்டில் என்றால் குப்பைக்குப் போயிருக்கும். இங்கே அப்படி இல்லை. அட்லீயின் முட்டி கிழிந்த இரண்டு கால்சட்டை, மூடி கழன்ற லாந்தர் ஒன்று, இவற்றோடு பேசினையும் ஒரு சாக்கில் போட்டு என் வேனில் ஏற்றிவிட்டாள். சோவில்லாவிடம் கொடுங்கள், எப்போதும் வாங்குகிற கூலியை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அவசரமில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது என்றாள்.

சாக்கைப் பிரித்தபோது நான் கூடத்தான் இருந்தேன். சோவில்லா கால்சட்டைகளை ஒரு பக்கம் வைத்தாள். லாந்தரை ஒரு பக்கம் வைத்தாள். பேசினைக் கவிழ்த்து, அடியில் இருந்த கோழி எச்சத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மிச்சமிருந்த ஒரே வில்லையை அழுத்திப் பார்த்தாள். உறுதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் போனபோது கால்சட்டைகளும் லாந்தரும் எப்போதோ தயார். கூலியும் வாங்கிக்கொண்டாள். பேசின் எங்கே என்று கேட்டேன்.

"இன்னும் ஆகல."

அதற்கடுத்த வாரம் வெர்னா கேட்டு அனுப்பினாள். இன்னும் ஆகவில்லை என்று போய்ச் சொன்னேன். மார்ச்சில் டோனட் பொரித்து, ஒரு பக்கம் தடித்தது, ஒரு டஜன் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டு அனுப்பினாள். டோனட்டுகள் நன்றாக இருந்தன. பேசின் இன்னும் ஆகவில்லை. உடைந்த பொருள் ஒரு ராத்திரி தங்காத வீட்டில் அது குளிர்காலம் முழுக்கத் தங்கிவிட்டது. சோவில்லாவுக்கு வயதாகிறது, அம்மா போனதிலிருந்து பழைய சுறுசுறுப்பு இல்லை என்று வெர்னா வருத்தப்பட்டாள். இரும்புக் கடைக்காரனும் அவள் வில்லைப் பொட்டலம் கேட்டு வரவே இல்லை என்றான்.

ஆபத்து ஜோலீன் ரூபத்தில் வந்தது. சமையலறையில் ஆணியில் தொங்கிய பேசினை அவள் பார்த்துவிட்டாள். இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்க, சாமான் இல்லை என்றாள் சோவில்லா. அது அன்றைக்கு உண்மைதான். அடுத்த வியாழக்கிழமை ஜோலீன் பூரிப்போடு ஒரு சின்னப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். தகர வில்லைகள், தக்கை, திருகாணி எல்லாம் அளவு வாரியாக. இணையத்தில் தேடி வரவழைத்தது. பொருளைவிடத் தபால் செலவு அதிகம்.

"இனிமே சரி பண்ணிடலாம்," என்றாள் ஜோலீன்.

சோவில்லா பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நன்றி சொன்னாள். காகிதத்தைப் பிரித்து மடித்துக் காகித அடுக்கில் வைத்தாள். நூலைச் சுருட்டி நூல்கண்டில் சேர்த்தாள். வில்லைகளை மேசை இழுப்பறையின் மூலையில், பழைய தகரச் சாமான்கள் கிடந்த இடத்தில் போட்டு இழுப்பறையை மூடினாள்.

இலை துளிர்த்த பிறகு ஒரு சனிக்கிழமை. மறுநாள் சபை கூடுகிற வீட்டில் வேலை இருந்ததால் அவளைக் கூட்டிப் போகச் சொல்லியிருந்தாள். கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். கதவைத் தட்டினேன். ஒரு நிமிஷம் என்றாள். திறந்தபோது தலைத்துணி சரியாக இருந்தது. கழுத்தோரம் மட்டும் ஈர முடியிலிருந்து சொட்டிக் கறுப்பு உடை நனைந்திருந்தது. உள்ளே நாற்காலி மேல் பேசின். ஓட்டைகளில் கந்தைத் துணியைத் திணித்திருந்தாள். அது ஒரு பக்கம் தாங்கி மறு பக்கம் விட்டுக்கொண்டிருந்தது. நாற்காலிக் கால் வழியாகத் தண்ணீர் இறங்கி அடுப்பு வரைக்கும் ஓடியிருந்தது.

"ஒழுகுதே," என்றேன்.

"ஆமா."

தரைத்துணியை எடுத்து, ஓடின தண்ணீரை அப்படியே மூலை வரை இழுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். அவசரமில்லாமல் துடைத்தாள்.

"தரைக்குன்னு தனியா தண்ணி எடுக்க வேண்டியதில்ல," என்றாள்.

வெர்னா மறுபடி கேட்டிருக்கிறாள், என்ன சொல்லட்டும் என்றேன். அவள் துணியை வாளியில் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரை வாசல் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வந்தாள். பேசினைக் கவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"ஆகலன்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, வண்டிக்குக் காசை எண்ண ஆரம்பித்தாள்.